ஒரு வெங்காயத்தை எறிய விட்டால் என்ன மாறும்? ஓவர்குக்ட் 2 முதல் பாகத்தை மிஞ்சிய கதை

ஒரு வீடியோ கேமின் இரண்டாம் பாகம் வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை லெவல் கூட்டியிருக்கிறார்கள்?" அடுத்த கேள்வி, "கிராபிக்ஸ் எப்படி?" ஓவர்குக்ட் 2 என்ற சமையல் கேம் பற்றிப் பேச்சு வரும்போதும் இதே கதைதான். "அதே கேம், புது மேப்" (மேப் என்றால் ஆட்டம் நடக்கும் களம்) என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு பாகங்களையும் குடும்பத்தோடு உட்கார்ந்து பல முறை விளையாடியிருக்கிறேன். அந்த ஒரு வரி எனக்கு ரொம்பவே அநியாயமாகப் படுகிறது.

அந்த இரண்டாம் பாகத்தில் உண்மையில் மாறியது, விளையாடும் நான்கு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் விதம். அது எப்படி மாறியது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம். கேம் பழக்கமே இல்லாதவர்களும் படிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன். கல்யாண வீட்டுச் சமையலறையில் ஒரு முறை மாட்டிக்கொண்ட அனுபவம் இருந்தால் போதும்.

பார்ட்டி கேம் என்றால் என்ன?

நான்கு பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் விதியைப் புரிந்துகொண்டு, சத்தம் போட்டு விளையாடும் கேமைத்தான் பார்ட்டி கேம் என்கிறார்கள். சீட்டுக்கட்டும் கேரம் போர்டும் நம் வீடுகளில் என்ன வேலையைச் செய்தனவோ, அதே வேலையை இது டிவித் திரையில் செய்கிறது. தனி ஆளின் திறமை இதில் இரண்டாம் பட்சம். கூட இருக்கும் ஆட்கள்தான் விளையாட்டே.

ஓவர்குக்ட் அப்படி ஒரு கேம். பில் டங்கன், ஆலி டிவைன் என்ற இருவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கோஸ்ட் டவுன் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் இதை உருவாக்கியது. டீம்17 வெளியிட்டது. 2016 ஆகஸ்டில் வந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த பிரிட்டிஷ் கேம், சிறந்த குடும்ப கேம் என்று இரண்டு விருதுகளை வாங்கியது. இரண்டே பேரின் முயற்சியாகத் தொடங்கிய ஒன்றுக்கு இது சாதாரண விஷயமில்லை.

விளையாட்டு எளிது. நீங்கள் ஒரு சமையல்காரர். திரையில் ஆர்டர்கள் வரும். நேரம் முடிவதற்குள் எத்தனை உணவு அனுப்புகிறீர்களோ அத்தனை காசு.

ஒரு வெங்காய சூப்பின் பாதை

முதல் பாகத்தின் அடிப்படை உணவு வெங்காய சூப். பெட்டியிலிருந்து வெங்காயம் எடுக்க வேண்டும். நறுக்கும் பலகையில் வைத்து நறுக்க வேண்டும். அதைக் கொண்டுபோய்ப் பானையில் போட வேண்டும். இப்படி மூன்று வெங்காயம் விழுந்தால்தான் ஒரு சூப். வெந்ததும் தட்டில் ஊற்றி, ஜன்னலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். சாப்பிட்ட தட்டு அழுக்காகத் திரும்பி வரும், அதையும் கழுவ வேண்டும். பானையை மறந்துவிட்டால் தீப்பிடிக்கும். அப்புறம் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சுலபமான வேலைகள். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பத்து விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். மாவு ஊற்ற ஆள் உண்டு, சட்னி அரைக்க ஆள் உண்டு, பரிமாறவும் ஆள் உண்டு. ஆனால் இட்லிப் பானை ஒன்றுதான். எத்தனை பேர் வந்து கைகொடுத்தாலும், அந்தப் பானை ஒரு ஈடு இறக்கும் வேகத்துக்கு மேல் பந்தி நகராது. மொத்த வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கிற இப்படிப்பட்ட ஒற்றை இடத்தை 'பாட்டில்நெக்' என்பார்கள். பாட்டிலின் கழுத்து எவ்வளவு குறுகலோ, அவ்வளவுதான் தண்ணீர் வெளியே வரும்.

முதல் பாகத்தில் பெரும்பாலான நேரம் பாட்டில்நெக்காக இருந்தது அடுப்பு அல்ல, நடைபாதை. சமையலறைகள் வேண்டுமென்றே குறுகலாக அமைக்கப்பட்டவை. வெங்காயத்தோடு வருபவரும் தட்டோடு போகிறவரும் ஒரே சந்தில் முட்டிக்கொள்வார்கள். கடற்கொள்ளையர் கப்பலில் மேடைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து வழியை மறைக்கும். சாலையில் ஓடும் லாரிகளின் மேலே சமைக்கும் லெவலில், லாரிகள் விலகிவிட்டால் நறுக்கிய காய் ஒரு வண்டியிலும் பானை இன்னொரு வண்டியிலும் மாட்டிக்கொள்ளும். மறுபடி பக்கத்தில் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் எங்கள் வீட்டில் முதல் பாகம் விளையாடும்போது அதிகம் கேட்ட வார்த்தை "நகரு". இரண்டாவது, "வழி விடு". மூன்றாவதை இங்கே எழுத முடியாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சமையல் எளிது, கூட்டம் கடினம், முதல் பாகத்தின் நெருக்கடி முழுக்க நடப்பதிலும் வழிவிடுவதிலும் இருந்தது.

எறிதல் என்ற ஒரு புது வினைச்சொல்

2018 ஆகஸ்ட் 7 அன்று இரண்டாம் பாகம் வந்தது. இந்த முறை டீம்17 வெளியிட்டதோடு நிற்காமல் உருவாக்கத்திலும் சேர்ந்துகொண்டது. புது உணவுகள், புது சமையல்காரர்கள், புது இடங்கள் எல்லாம் வந்தன. இதில் மிகப் பெரிய மாற்றம் ஒரே ஒரு பொத்தானில் இருந்தது. கையில் இருக்கும் பொருளை இப்போது எறியலாம்.

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். விளையாடுபவர் செய்யக்கூடிய ஒரு செயலையும் அதற்கான விதியையும் சேர்த்து 'மெக்கானிக்' என்பார்கள். கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ நிற்கும்போது, ரெய்டு போகிறவர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு புள்ளி. இதற்காக மைதானத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை, ஆட்களைக் கூட்ட வேண்டியதில்லை. ஒரு கோடும் ஒரு விதியும் போதும். ரெய்டர் கால் நீட்டும் விதம், பிடிப்பவர்கள் பின்வாங்கி நிற்கும் விதம், எல்லாம் அதைச் சுற்றி மாறிவிடும். நல்ல மெக்கானிக்கின் அடையாளமே இதுதான். சின்னதாக நுழைந்து, ஏற்கெனவே இருக்கும் எல்லாவற்றையும் தொட்டு நகர்த்தும்.

எறிதலும் அப்படித்தான் வேலை செய்கிறது. கட்டடம் கட்டும் இடத்தில் செங்கல் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் கல்லை வீசுவார், மேலே சாரத்தில் நிற்பவர் பிடிப்பார். யாரும் ஏணியில் ஏறி இறங்குவதில்லை. ஏறி இறங்கினால் ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆகும். ஓவர்குக்ட் 2-லும் மீனை எடுத்தவர் அங்கிருந்தே வீசுகிறார், நறுக்கும் பலகை அருகே நிற்பவர் கை காலியாக இருந்தால் பிடித்துக்கொள்கிறார். குறி சரியாக இருந்தால் நேரே பானைக்குள்ளேயே போடலாம்.

நடை குறைந்ததும் நெருக்கடி நடைபாதையை விட்டு நகர்ந்துவிட்டது. எங்கே போனது என்று கவனித்தால்தான் இந்த மாற்றத்தின் அருமை புரியும். அது மனிதர்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பு நான் பேசாமலேயே என் வெங்காயத்தைக் கொண்டுபோய் வைக்க முடியும். இப்போது எறிவதற்கு முன் எதிரில் இருப்பவர் தயாரா என்று கேட்க வேண்டும். அவர் கையில் வேறு பொருள் இருந்தால் என் மீன் தரையில் விழும். தண்ணீர் பக்கம் போனால் மீன் போயே போய்விட்டது. "நகரு" என்று கத்திய வீட்டில் "பிடி", "இரு இரு", "இப்போ போடு" என்று கேட்கத் தொடங்கியது. இரண்டும் சத்தம்தான். ஆனால் முன்னது ஒருவரை விரட்டுகிற சத்தம், பின்னது ஒருவரை எதிர்பார்க்கிற சத்தம்.

சரி, எறியலாம் என்று விட்டால் கேம் மிகச் சுலபமாகிவிடாதா? இங்கேதான் வடிவமைத்தவர்களின் நிதானம் தெரிகிறது. எல்லாவற்றையும் எறிய முடியாது. சமைக்காத பொருளை மட்டும்தான் எறியலாம். வெந்த சோறு, ஊற்றிய தட்டு, சூடான பானை எதையும் எறிய முடியாது, சுமந்துதான் போக வேண்டும். செங்கல் உவமைக்கே திரும்பினால், கல்லை வீசுவார்கள், சிமெண்ட் கலவைச் சட்டியை யாரும் வீசுவதில்லை. கைமாற்றித்தான் கொடுப்பார்கள்.

இந்த ஒரு கட்டுப்பாட்டால் ஒவ்வொரு உணவின் பயணமும் இரண்டாகப் பிரிகிறது. முதல் பாதி காற்றில் பறக்கும். இரண்டாவது பாதி தரையில் நடக்கும். பெட்டியிலிருந்து அடுப்பு வரை வேகம், அடுப்பிலிருந்து ஜன்னல் வரை பழைய நெரிசல். ஒரே சமையலறையில் இரண்டு விதமான அவசரம். இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் எல்லாவற்றையும் எறிய விட்டிருந்தால், நான்கு பேரும் நான்கு மூலையில் நின்றுகொண்டு வீசிக்கொண்டே இருந்திருப்போம். இரண்டு நாளில் அலுத்திருக்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. முதல் பாகத்தில் சமையலறையை இரண்டாக வெட்டினால், நடுவில் இருபக்கமும் கை எட்டும் ஒரு மேடையையாவது விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பொருள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது. எறிய முடியும் என்றானதும் அந்தத் தேவை தளர்ந்தது. நடுவில் ஆறு ஓடட்டும், பள்ளம் இருக்கட்டும், மீன் பறந்து போய்ச் சேரும். ஆக, புது மேப்புகள் புது மெக்கானிக்கின் பிள்ளைகள். 'மேப்பைத்தான் மாற்றினார்கள்' என்று சொல்கிறவர்கள் காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் பார்க்கிறார்கள்.

சுருக்கமாக: எறிதல் வந்ததால் நடை குறைந்தது, பேச்சு கூடியது. சமைத்ததை எறிய முடியாது என்ற விதி பழைய நெரிசலையும் உயிரோடு வைத்தது.

பாதியில் இடிந்து விழும் சமையலறை

முதல் பாகத்திலும் சமையலறைகள் ஆடின, நகர்ந்தன, உடைந்தன. ஆனால் பல லெவல்களில் அந்த அசைவுக்கு ஒரு தாளம் இருந்தது. கப்பல் மேடை இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் வரும். இரண்டு முறை தோற்றால் தாளம் பிடிபட்டுவிடும்.

இரண்டாம் பாகத்தின் ஆரம்பத்திலேயே ஒரு லெவல் வரும். வெப்பக்காற்று பலூனில் நின்று சாலட் செய்துகொண்டிருப்போம். புயல் அடிக்கும். நாங்கள் முதல் முறை விளையாடியபோது தீயை அணைப்பதிலேயே மும்முரமாக இருந்தோம். திடீரென்று பலூன் கீழே விழுந்தது. விழுந்த இடம் ஒரு சுஷி உணவகம். மேலே வந்துகொண்டிருந்த சாலட் ஆர்டர்கள் மறைந்து சுஷி ஆர்டர்கள் வரத் தொடங்கின. கையில் கீரையோடு என் தம்பி அப்படியே நின்றான். அரிசி எங்கே, கடல்பாசித் தாள் எங்கே, பானை எங்கே என்று நான்கு பேரும் தேட ஆரம்பித்தோம். ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு கடைகள்.

இதன் பயன் அதிர்ச்சியோடு நிற்பதில்லை. ஒரு குழு விளையாட விளையாட, வேலை தானாகவே பிரிந்துவிடும். நீ நறுக்கு, நான் அடுப்பு, அவள் தட்டு. பிரிந்ததும் வாய் மூடிவிடும், அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். வேலைக்கு அது நல்லது, பார்ட்டி கேமுக்கு அது சாவு. சமையலறை பாதியில் மாறும்போது அந்தப் பிரிவினை உடைகிறது, யார் எதைச் செய்வது என்று மறுபடியும் பேசி முடிவு செய்தாக வேண்டும். விளையாடுபவர்கள் மௌனமாகும் நேரம் பார்த்துக் கதவைத் தட்டுகிற வேலை இது.

டிப்ஸ் கணக்கு

யாரும் அதிகம் பேசாத மாற்றம் இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

இரண்டாம் பாகத்தில் ஆர்டர்கள் வந்த வரிசையிலேயே உணவை அனுப்பினால் டிப்ஸ் பெருகும். தொடர்ந்து வரிசை தவறாமல் கொடுத்தால் நான்கு மடங்கு வரை போகும். இடையில் ஒன்றை முன்னே பின்னே கொடுத்தால் அந்தச் சங்கிலி அறுந்து, மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும். டோக்கன் போடும் மருத்துவமனையில் பன்னிரண்டாம் எண்ணுக்கு முன் பதினான்காம் எண்ணை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

இதனால் ஒரு நல்ல குழப்பம் பிறக்கிறது. இரண்டாவது ஆர்டர் தயாராகத் தட்டில் இருக்கிறது. முதலாவதற்கு இன்னும் சோறு வேகவில்லை. இப்போதே கொடுத்துக் காசை வாங்கிவிடுவதா, சங்கிலியைக் காப்பாற்றக் காத்திருப்பதா? காத்திருந்தால் மேடையில் இடம் அடையும், தட்டும் முடங்கும். இதை ஒருவர் தனியாக முடிவு செய்ய முடியாது. அதனால் குழுவில் யாராவது ஒருவர் ஆர்டர்களை வாசித்துச் சொல்லும் வேலையை எடுத்துக்கொள்கிறார். எங்கள் வீட்டில் அது தங்கை. கையும் வேலை செய்யும், வாயும் "முதல்ல வெள்ளரிக்காய், அப்புறம் மீன்" என்று ஓடிக்கொண்டே இருக்கும். விதிப்புத்தகத்தில் எங்கும் 'ஒரு தலைவரை நியமியுங்கள்' என்று இல்லை. புள்ளிக் கணக்கு அதைச் செய்ய வைத்துவிட்டது.

வேறு ஊரில் இருப்பவரோடு

முதல் பாகத்தை ஒரே அறையில் இருப்பவர்கள் மட்டும்தான் விளையாட முடியும். இரண்டாம் பாகம் வந்த நாளிலேயே இணையம் வழி விளையாடும் வசதியும் கூடவே வந்தது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த வகை கேமுக்கு அது லேசான காரியமில்லை.

ஒரு இடத்திலிருந்து கிளம்பிய தகவல் இன்னொரு இடத்தைச் சேர எடுக்கும் நேரத்தை 'லேட்டன்சி' என்பார்கள். அது அதிகமாகும்போதுதான் நாம் "லேக் அடிக்குது" என்கிறோம். கண்ணாடியிழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் லண்டனுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 8,200 கிலோமீட்டர். ஆக, போக மட்டும் குறைந்தது 40 மில்லி நொடி, போய்வர 80. உண்மையில் கம்பிகள் கடலடியில் வளைந்து வளைந்து போவதால் இன்னும் கூடும். வெளிநாட்டுக்குப் போன் பேசும்போது இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவருமே நிறுத்தி, "நீ சொல்லு" என்போமே, அதே நிலை.

இப்போது ஒரே வெங்காயத்தை நான் இங்கிருந்தும் நீங்கள் அங்கிருந்தும் எடுக்கிறோம் என்று வையுங்கள். என் திரையில் அது என் கையில், உங்கள் திரையில் உங்கள் கையில். யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பொதுவாக இத்தகைய கேம்களில் ஒரு இயந்திரத்தின் கணக்கையே எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். அந்த இயந்திரத்தை 'ஹோஸ்ட்' என்பார்கள். மற்றவர்களின் திரை அதற்கேற்ப ஒரு கணம் பிந்தித் திருத்திக்கொள்ளும். சதுரங்கத்தில் இந்தக் கணம் யாருக்கும் தெரியாது. சந்தில் முட்டிக்கொள்ளும் சமையல்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். எறிந்த தக்காளி அவர் கைக்குப் போனதாக என் திரை சொல்லும், அடுத்த கணம் தரையில் கிடக்கும்.

அதனால் ஒரே அறையில் விளையாடுவதற்கு ஈடாக இணையத்தை நான் சொல்ல மாட்டேன். ஆனால் லண்டனில் இருக்கும் அக்காவோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சமைக்க முடிந்தது என்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயமில்லை. 2020-ல் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் புதுப்பித்து 'ஆல் யூ கேன் ஈட்' என்ற தொகுப்பாக வெளியிட்டபோது, முதல் பாகத்தின் லெவல்களுக்கும் இணைய வசதி கிடைத்தது. விளையாட்டைத் தளர்த்தித் தரும் உதவி வசதியும் அதில் உண்டு.

மேம்படாதவை

எல்லாமே கூடிவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. தனியாக விளையாடுவது இரண்டு பாகத்திலும் சுமார்தான். ஒரே ஆள் இரண்டு சமையல்காரர்களை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும், பேச ஆளில்லாமல் இந்தக் கேமுக்கு உயிர் இல்லை. கதையும் அப்படித்தான். முதல் பாகத்தில் உலகத்தையே தின்ன வரும் நூடுல்ஸ் பூதம், இரண்டாம் பாகத்தில் உயிர்த்தெழுந்த ரொட்டிகள். முதல் பாகத்தின் பூதத்துக்கு முன்னால் நின்று சமைக்கும் அந்தக் கடைசி ஆட்டம் இன்னும் என் மனதில் நிற்கிறது. இரண்டாம் பாகத்தின் முடிவு அப்படி நிற்கவில்லை. இருந்தாலும் 2018-ன் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த குடும்ப கேம் விருது இரண்டாம் பாகத்துக்குக் கிடைத்தபோது, சரியான கையில்தான் போயிருக்கிறது என்று தோன்றியது.

எதிலிருந்து தொடங்கலாம்?

கேமே விளையாடாத ஆட்கள் வீட்டில் இருந்தால் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். காரணம் என் அம்மா. முதல் பாகத்தில் அவர் பெரும்பாலும் சந்தின் நடுவில் மாட்டிக்கொள்வார். நாங்கள் மூவரும் அவரைச் சுற்றி ஓடுவோம், அவர் நான்கு நிமிடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். இரண்டாம் பாகத்தில் அவரை நறுக்கும் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். "நீ எங்கேயும் நடக்க வேண்டாம்மா, வருவதைப் பிடித்து நறுக்கு, அவ்வளவுதான்." முதல் மீன் அவர் காலடியில் விழுந்தது. இரண்டாவதைப் பிடித்துவிட்டார். அன்று இரவு பதினோரு மணிக்கு டிவியை அணைக்கப் போனபோது கன்ட்ரோலரை விடாமல் கேட்டார்: "அடுத்த மீன் எங்கே?"